செருப்பு டோக்கனும் சேமித்த பாஸ்வேர்டும்

(தலைப்பு: "பாஸ்வேர்டைப் பிரவுசரிடம் ஒப்படைப்பது பெரிதும் பாதுகாப்பே! பெரிதும் ஆபத்தே!" திருவண்ணாமலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் 'ஆபத்தே' அணியின் நிறைவுப் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் எந்த இடத்தில் சறுக்குவேன் என்று கையில் பேனாவோடு காத்திருக்கும் எதிரணிச் செல்வங்களே! என்னை எப்படியாவது கரைசேர்க்க வேண்டுமே என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் என் அணி நண்பர்களே! அண்ணாமலையார் அடிவாரத்தில் திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் ஒரு கண்ணை அடுப்பில் இருக்கும் பாலிலும் வைத்துக்கொண்டு பார்க்கிற சகோதரிகளே!

ஒரு சின்னச் சம்பவம். சில மாதங்களுக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரம்மாவும் அண்ணாமலையாரைத் தரிசிக்கப் போனோம். அன்றைக்கு என் காலில் புதுச் செருப்பு. ஒரு தமிழ்ப் பேராசிரியர் புதுச் செருப்பு வாங்குவது சாதாரண விஷயம் இல்லைங்க. பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தேடுகிற மாதிரி. குழு போட்டு, நாலு கடை ஏறி இறங்கி, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் முடிவாகும். (சிரிப்பு)

அந்தச் செருப்பைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் செருப்பு விடுகிற இடத்தில் விட்டேன். பெரியவர் ஒருத்தர் தகர டோக்கன் ஒன்று கொடுத்தார். நாற்பத்தேழாம் நம்பர். வீட்டுக்காரம்மா, "அத இப்படிக் குடுங்க, முந்தானையில முடிஞ்சுக்கறேன்" என்றாள். நான் விடுவேனா? "டாக்டர் பட்டம் வாங்கினவன் ஒரு டோக்கனைக் காப்பாத்த மாட்டானா?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே போய் விபூதி வாங்கக் குனிந்தபோது எங்கேயோ நழுவியிருக்கிறது. திரும்பி வந்து, "பெரியவரே, நாற்பத்தேழு" என்றேன்.

"நாப்பத்தேழா? அத அப்பவே வாங்கினு போய்ட்டாங்களே சார்."

"யாருங்க வாங்கினது? அது என் செருப்பாச்சே!"

"டோக்கன் குடுத்தாங்க, செருப்பு குடுத்தேன்."

"என் முகம் உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "ஒரு நாளைக்கு ஆயிரம் மூஞ்சி வருது சார். நான் மூஞ்சியப் பாத்தா குடுக்கறேன்? டோக்கனத்தான் பாக்கறேன்." (சிரிப்பு, கைதட்டல்)

பக்கத்தில் வீட்டுக்காரம்மா ஒன்றும் திட்டவில்லை. "பரவாயில்ல வாங்க. வெறுங்காலோட கிரிவலம் போனாத்தான் புண்ணியம். பதினாலு கிலோமீட்டர்தான்" என்று சொன்னாள். (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே! இன்றைய தலைப்பு முழுவதும் அந்தப் பெரியவரின் ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். கம்ப்யூட்டர் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. டோக்கனைத்தான் பார்க்கிறது. அந்த டோக்கனுக்குப் பெயர்தான் பாஸ்வேர்டு. தமிழிலே 'கடவுச்சொல்' என்கிறோம். கடவு என்றால் வழி, கடந்துபோகிற இடம். இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட்டைக் 'கடவுச்சீட்டு' என்பார்கள். சீட்டு இருந்தால் எல்லையைக் கடக்கலாம். சொல் இருந்தால் வாசலைக் கடக்கலாம். சொன்னவர் யார் என்று வாசல் கேட்காது.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. "இவன்தான் கள்வன்" என்று முடிவு கட்டினார்கள். கம்ப்யூட்டர் இதற்கு நேர் எதிர். யார் கையில் சிலம்பு இருந்தாலும், "இவர்தான் உடையவர்" என்று முடிவு கட்டிவிடும். அங்கே உடையவன் கள்வன் ஆனான். இங்கே கள்வன் உடையவன் ஆகிறான்! (கைதட்டல்) அங்கேயாவது ஒரு கண்ணகி வந்தாள். சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தில்லை, மாணிக்கம் என்று காட்டினாள். இங்கே நீங்கள் பாங்கிக்கும் போலீசுக்கும் நடையாய் நடந்து, "ஐயா, அது நான் இல்லை" என்று நிரூபிப்பதற்குள் அடுத்த தீபத் திருவிழா வந்துவிடும்.

சரி, பிரவுசர் என்றால் என்ன? இங்கே இருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். இன்டர்நெட்டுக்குள் போகிற வாசல் அது. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என்று பல பெயரில் இருக்கிறது. கோயில் இணையதளத்தில் தரிசன டிக்கெட் எடுப்பதாக இருந்தாலும் சரி, பாங்கிக் கணக்கு பார்ப்பதாக இருந்தாலும் சரி, அந்த வாசல் வழியாகத்தான் போகிறோம். பாஸ்வேர்டை அடித்தவுடனே அது மெதுவாக ஒரு கட்டத்தை நீட்டி, "இதை நான் சேமித்து வைக்கட்டுமா?" என்று கேட்கும். எவ்வளவு பணிவு பாருங்கள்! கல்யாண வீட்டில் மச்சினன் வந்து, "மாமா, உங்களுக்கு ஆயிரம் வேலை. மொய்ப் பையை நான் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்பானே, அதே பணிவு! (சிரிப்பு) மச்சினன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் பையை எந்த அறையில் வைக்கிறான், அந்த அறைக்கு யார் யார் வந்து போகிறார்கள்? இதுதான் என் கேள்வி.

எதிரணியில் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார். மனிதன் மறக்கிறவன், அதனால் இயந்திரத்திடம் கொடு என்றார். அலிபாபா கதையைச் சொன்னார். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம், நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் போனான், திறக்கிற சொல்லை மறந்தான், செத்தான். "பார்த்தீர்களா, மறதி ஆளைக் கொல்லும்" என்றார்.

அம்மா, கதையைப் பின்பாதியிலிருந்து சொன்னீர்கள். முன்பாதியை நான் சொல்கிறேன். அலிபாபாவுக்கு அந்தச் சொல் எப்படிக் கிடைத்தது? திருடர் தலைவன் குகை வாசலில் நின்று உரக்கச் சொன்னான். பக்கத்தில் ஒருவன் மறைந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தான். காசிம் செத்தது மறதியால், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குகை கொள்ளைபோனது எதனால்? அடுத்தவன் இருக்கிற இடத்தில் சொல்லை வெளியே விட்டதால்! (பலத்த கைதட்டல்)

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரணி சொன்னதில் இரண்டு விஷயம் நிஜம். ஒன்று, நாமாக வைக்கிற பாஸ்வேர்டின் லட்சணம். 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியே வந்துவிட்டன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது எது தெரியுமா? 1, 2, 3, 4, 5, 6! (சிரிப்பு) பிரவுசரிடம் விட்டால் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தரும். இரண்டாவது, போலி இணையதளம். பாங்கி பெயரிலேயே ஓர் எழுத்தை மாற்றிப் போலிக் கடை விரித்திருப்பான். நம் கண் ஏமாறும். பிரவுசர் விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பார்க்கும். வேறு விலாசம் என்றால் தானாகப் பாஸ்வேர்டைப் போடாது. இந்த இரண்டுக்கும் நான் தலைவணங்குகிறேன்.

நடுவர் அவர்களே! தலைவணங்கிவிட்டு நிமிர்கிறேன், பாருங்கள்.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு என்ற ஒன்று ஏன் வந்தது? ஒரே இயந்திரத்தைப் பல பேர் பயன்படுத்தியதால் வந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே கோர்பட்டோ என்ற விஞ்ஞானியின் குழு, பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பை உருவாக்கியது. அவரவர் வேலை அவரவருக்கு என்று ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆளுக்கு இவ்வளவு மணி நேரம் என்று கணக்கு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. 1962-இல் என்ன செய்தார் தெரியுமா? பூட்டை உடைக்கவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் அந்த இயந்திரத்துக்குள்ளேயே ஒரு பட்டியலாக இருந்தது. "அதை அச்சடித்துக் கொடு" என்று அந்த இயந்திரத்திடமே கேட்டார். அதுவும் அடித்துக் கொடுத்துவிட்டது! (சிரிப்பு) அவரவர் மனதில் இருந்தவரை அது ரகசியம். பட்டியலாக ஓரிடத்தில் சேர்ந்த அன்றைக்கு அது சரக்கு. ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவனுக்கு நேரம் போதவில்லை என்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். (சிரிப்பு)

"அது அந்தக் காலம் சார், இப்போதெல்லாம் பூட்டி வைக்கிறார்கள்" என்று எதிரணித் தம்பி சொல்வார். ஆமாம், பூட்டித்தான் வைக்கிறார்கள். பிரவுசர் நம் பாஸ்வேர்டுகளையெல்லாம் யாரும் படிக்க முடியாத சங்கேதமாக மாற்றித்தான் வைக்கிறது. சாவி எங்கே இருக்கிறது? அதைக் கேளுங்கள்.

நம் வீட்டு இரும்பு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த இரும்பு. உள்ளே லாக்கர். சாவி எங்கே? முருகன் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில்! (பலத்த சிரிப்பு) தெருவில் போகிறவனுக்குப் பீரோ பத்திரம்தான். வீட்டுக்குள் வந்துவிட்டவனுக்கு? பிரவுசர் கதையும் பெரும்பாலும் அதுதான். அந்தப் பெட்டியைத் திறக்கிற சாவி, நீங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே நுழைகிறீர்களே, அந்த நுழைவோடு கட்டப்பட்டது. நீங்கள் நுழைந்துவிட்டால் சாவி ஆணியில் தொங்குகிறது. உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், இயந்திரத்துக்கு அவர்தான் நீங்கள்.

2013 ஆகஸ்டில் எலியட் கெம்பர் என்ற மென்பொருள்காரர் இதை ஊரறியப் போட்டு உடைத்தார். குரோமின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால், சேமித்த பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் தெரிந்தது. குரோமின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்ன பதில் சொன்னார்? உங்கள் கணக்குக்குள்ளேயே ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாம் போய்விட்டதாகத்தான் அர்த்தம், அதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டால் அது பொய்யான தைரியத்தைத்தான் தரும் என்கிற பொருளில் பதில் சொன்னார். செய்தவர்களே இப்படிச் சொன்னார்கள் ஐயா! பிறகு, பாஸ்வேர்டைக் காட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கிற வழக்கம் வந்தது. ஃபயர்பாக்ஸில் தனியாக ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு போட்டுப் பெட்டியைப் பூட்டலாம். ஆனால் நாமாகப் போய்ப் போட்டால்தான் உண்டு. இந்தக் கூட்டத்தில் அப்படிப் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள்... (சிரிப்பு) ஐயா, அங்கே ஒருவர் தூக்குகிறார். இல்லை, சோம்பல் முறிக்கிறார்! (பலத்த சிரிப்பு)

வீட்டுக்குள் ஆள்தான் வர வேண்டும் என்பதுகூட இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை ஓசியில் தருகிறேன் என்று ஒருவன் சொல்வான். நம் பிள்ளை இறக்கிப் போடுவான். கூடவே ஒரு திருட்டு நிரல் உள்ளே நுழையும். அதன் முதல் வேலையே பிரவுசரின் பாஸ்வேர்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதான். அதில் ரெட்லைன் என்று ஒன்று பேர்போனது. 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ், அமெரிக்கா முதலிய பல நாட்டுப் போலீசோடு சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கியது. அதே ஆண்டு ஜூலையில் குரோம், விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்காக இந்தத் திருட்டைத் தடுக்கவே புதிதாக ஒரு பூட்டுப் போட்டது. நல்ல பூட்டுதான். சில மாதத்துக்குள்ளேயே திருடர்கள் அதையும் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தார்கள். பூட்டுக்காரனும் திருடனும் ஓடுகிற பந்தயம் இது. நடுவில் ஓடுவது யாருடைய சொத்து? நம்முடைய சொத்து!

"படிக்காதவர்கள் ஏமாறுவார்கள் சார், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்வீர்கள். ஆக்டா என்று ஓர் அமெரிக்க நிறுவனம். என்ன தொழில் தெரியுமா? மற்ற கம்பெனிகளின் கணக்குகளுக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று காவல் பார்ப்பதுதான் தொழில். அதாவது வாட்ச்மேன் கம்பெனி. 2023-இல் அங்கே வேலை செய்த ஒருவர், கம்பெனி கம்ப்யூட்டரின் குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். கம்பெனியின் ஒரு முக்கியமான கணக்கின் பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகிவிட்டது. அந்தச் சொந்தக் கணக்கோ, அவருடைய சொந்தக் கருவியோ திருடன் கையில் சிக்கியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே அறிக்கை விட்டது. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் வெளியார் கண்ணில் பட்டன. வாட்ச்மேன் வீட்டிலேயே திருட்டு, ஐயா! ஆபீஸ் சாவியை வீட்டுப் பையில் போட்டதால் வந்த வினை.

நம் ஊருக்கு வருவோம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள் வெளியார் நுழைந்த செய்தி வந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு வெளியே போனதுதான் காரணம் என்று முதற்கட்ட ஆய்வில் தெரிவதாகச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். உலகத்து முகத்தையெல்லாம் அடையாளம் காண்கிற மென்பொருள் அது! உள்ளே நுழைந்தவன் முகத்தை அதனால் பார்க்க முடிந்ததா? டோக்கனைத்தான் பார்த்தது! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். அடிக்க வேண்டாம் ஐயா, இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. இதுவரை படித்ததைப் பேசினேன். இனி நடந்ததைப் பேசுகிறேன்.

இந்த மாவட்டத்து மாணவி ஒருத்தி. பேர் சொல்ல மாட்டேன், ஊர் சொல்ல மாட்டேன். அப்பா கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நானே ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். இந்தப் பெண்ணுக்கு ஈமெயில் என்பதே அந்த வாரம்தான் திறந்தது. உள்ளே நுழைந்து, விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். போட்டோ, விலாசம், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் அந்த விண்ணப்பத்தில் இருந்தது. திரையில் ஒரு கட்டம் வந்தது. அவள் திரும்பி என்னைக் கேட்டாள்: "ஐயா, இது என்னமோ கேக்குது. என்ன குடுக்கறது?"

நான் எட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டிருந்தது. "சரின்னு குடும்மா. அடுத்த தடவை வந்தா மறுபடி அடிக்க வேணாம்" என்றேன். அவள் அழுத்தினாள்.

இரண்டு வாரத்தில் அந்தப் பெண் கல்லூரிக்கு வருவது நின்றது. விசாரித்தேன். அந்த நாற்காலியில் பிறகு வந்து உட்கார்ந்த எவனோ ஒருவனுக்கு, அவளுடைய ஈமெயில் கதவு தானாகத் திறந்திருக்கிறது. விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறான். ராத்திரியில் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டு, பெண்ணின் பேரைச் சொல்லி, அவள் போட்டோ தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் இல்லை, நாலு நாள். அந்தத் தகப்பன், "அவன் யார்?" என்று கேட்கவில்லை. மகளைப் பார்த்து, "உம் போட்டோ அவன்கிட்ட எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் என்னிடம் இருந்தது.

"படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னது நான்தான்" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் சொன்னார்: "நீங்க எவ்ளோ படிச்சவரு. ஒங்களுக்கே தெர்லன்னா, அதுக்கு எப்பிடி சார் தெரியும்?" அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஐயா. (அமைதி)

பாஸ்வேர்டை மாற்றினோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். போன் வருவது நின்றது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு செமஸ்டர் பரீட்சை போய்விட்டது. மறு வருஷம் எழுதினாள். இன்றைக்கு பி.எட். படிக்கிறாள். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பாள். என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே! அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இருக்கிறது. சட்டம் வருவதற்குள் ஒரு பெண்ணின் படிப்பு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறதே!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஆபத்து என்று பயமுறுத்திவிட்டு உட்கார்ந்தால் நான் வாத்தியார் இல்லை. ஐந்தே விஷயம்.

ஒன்று. அடுத்தவர் இயந்திரம், அது கம்ப்யூட்டர் சென்டரோ, அலுவலகமோ, நண்பன் வீடோ, அங்கே "சேமிக்கவா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். அந்த பிரவுசரில் உங்கள் கூகுள் கணக்கையும் இணைத்துவிடாதீர்கள். இணைத்தால், வீட்டில் சேமித்ததெல்லாம் வரிசையாக அங்கே வந்து நிற்கும். வேலை முடிந்ததும் கணக்கைவிட்டு வெளியே வந்த பிறகு எழுந்திருங்கள்.

இரண்டு. உங்கள் சொந்தப் போனில் சேமிக்கிறீர்களா? எதிரணி சொன்ன நன்மையெல்லாம் அங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போனுக்கு ஒழுங்கான பூட்டு இருக்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு முக்கியமில்லை, வீட்டுக் கதவுக்குப் பூட்டு முக்கியம்.

மூன்று. பாங்கிப் பாஸ்வேர்டும் ஈமெயில் பாஸ்வேர்டும் மட்டும் உங்கள் மனதில் இருக்கட்டும். ஏன் ஈமெயில்? மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தாலும் மாற்றுவதற்கான வழி அங்கேதான் வருகிறது. அது கொத்துச்சாவி. கொத்துச்சாவியை இடுப்பில் செருகுவீர்களா, திண்ணையில் வைப்பீர்களா?

நான்கு. பாஸ்வேர்டு போட்ட பிறகும் போனுக்கு ஒரு எண் வந்து, அதையும் கேட்கிற இரட்டைக் காவலை எல்லாக் கணக்கிலும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணை யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஐந்து. தவறு நடந்துவிட்டதா? வெட்கப்படாதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். உடனே வேறு கருவியில் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுகிற வசதி இருக்கிறது, அதை அழுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள்.

நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். இந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரே ஒரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறார்கள். அது ஊருக்கே தெரிய வேண்டிய வெளிச்சம். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வாசலில் நின்று கும்பிடுகிற வெளிச்சம். அதே கோயிலில் உண்டியல் இருக்கிறது. அதன் சாவியை மலையுச்சியில் ஏற்றிக் காட்டுகிறார்களா? தீபம் எல்லோருக்கும் பொது. சாவி பொறுப்பானவர் கையில். எது மலையுச்சிக்கு, எது மடிக்கு என்று தெரிந்துகொள்வதுதான் விவேகம்.

அன்றைக்கு அந்த டோக்கனை என் வீட்டுக்காரம்மா முந்தானையில் முடிந்துகொள்கிறேன் என்றாள். கொடுத்திருந்தால் என் செருப்பு தப்பித்திருக்கும். செருப்பு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண் இழந்த ஒரு வருஷத்தை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பேன்? ஆகவே, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய நாற்காலிக்கு முன்னால் நம் வீட்டுச் சாவியை விட்டு வருவது பெரிதும் ஆபத்தே, ஆபத்தே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)